இராசதுரை பேசிய மண்டபம்

அழகரத்தினத்துக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் முப்பது வயதில் முதலை கொண்டு போனது. மண்டூர்ப் பக்கத்துக் கண்டல் காட்டோரம், கழுத்தளவு தண்ணீரில் நின்று வலைக்கம்பு ஊன்றிக்கொண்டிருந்தவரை அது இழுத்தது. அவர் மற்றக் கையின் கட்டைவிரலை அதன் கண்ணுக்குள் விட்டுக் குடைந்து, கிழிந்த கையோடு கரையேறினார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நேர்த்திக்கடன் தவறிவிட்டது என்றார்கள். அந்த மூலையில் காடேறி நிற்கிறது என்றார்கள். ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னது இவ்வளவுதான்: “முதலைக்குப் பசி. நான் பக்கத்தில நிண்டன்.”

பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது பத்து வயதிலேயே. அவருடைய தகப்பன் கண்டலுக்குள் கசிப்புச் சாராயம் காய்ச்சியவர். ஆள் நடமாட்டம் வராமலிருக்க, தலையில்லாத முண்டம் ஒன்று அங்கே உலாவுகிறது என்று தகப்பனே கதை கட்டிவிட்டார். இரண்டு வருடத்தில் அந்த முண்டத்தை நேரில் கண்டவர்களே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தகப்பனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. முண்டம் தன்னை அடித்துவிட்டதென்று அவரே நடுங்கி, பரிகாரியைக் கூப்பிட்டு நூல் கட்டிக்கொண்டார். பொய்யைக் கட்டியவனே அதற்குள் விழுந்து கிடந்ததை அழகரத்தினம் வாசலில் நின்று பார்த்தார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா, இலட்சுமி. அவளுடைய புருசன் இராசதுரை உழவு மெசின் ஓடுகிறவன். தொழிலில் கெட்டிக்காரன், குடித்தால் மிருகம். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு தை மாதக் கடைசியில், சோறு ஆறிப்போயிற்று என்று உலக்கையை எடுத்து இலட்சுமியின் வாயில் அடித்தான். மேல்வரிசையில் இரண்டு பற்கள் போயின. செய்தி கேட்ட அழகரத்தினம் வாவிக்கரையிலிருந்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடி வந்து, மச்சானைத் தலைமயிரில் பிடித்துக் கடைத்தெரு வரைக்கும் இழுத்துப் போய் அடித்தார். இராசதுரையின் மூக்கு உடைந்து இரத்தம் சட்டை முழுக்க இறங்கியது. விலக்க வந்தவனுக்கும் விழுந்தது.

“இன்னொரு நாள் அக்காவில கை வெச்சாய் எண்டால், உன்ன வெட்டி வாவிக்குள்ளதான் தாப்பன்!”

இருபது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் இராசதுரை காணாமல் போனான். நெற்சூடு மிதிக்க வயல்வட்டைக்குப் போனவன், வழியில் மறிக்கப்பட்டான். வயற்காரர் போய்ப் பார்த்தபோது மெசின் இயங்கியபடி நடுப்பாதையில் நின்றது, ஆளில்லை. கொண்டு போனது யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. துவக்கு வைத்திருந்தவர்கள் அந்த வருடம் பல பேர்.

மூன்றாம் நாள் விடிகாலை அழகரத்தினம் வலையைத் தூக்கினார். கனத்தது. கொடுவா மீன் பட்டிருக்கிறது என்று நினைத்து இழுத்தவருக்கு முதலில் வந்தது ஒரு முழங்கை. இராசதுரைக்கு மெசின் புரண்டு முறிந்தபோது, தகடு வைத்துத் தைத்த நீளத் தழும்பு அதிலிருந்தது. கைகள் இரண்டும் பின்னால் மின்சார வயரால் கட்டப்பட்டிருந்தன. பின்மண்டையில் சுட்ட ஓட்டை. முன்பக்கம் முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிச்சத்தை நண்டு தொடங்கியிருந்தது.

வாவிக்குள் தாப்பன் என்று தான் கத்தியது நினைவுக்கு வர, அவர் பிணத்தைத் தோணியோடு சேர்த்துக் கட்டிக் கண்டலுக்குள் கொண்டு போனார். ஒரு தில்லை மரத்தடியில் மேடு இருந்தது. துடுப்பாலும் கையாலும் தோண்டிக்கொண்டிருந்தபோது மோட்டர் படகின் இரைச்சல் கேட்டது. ஓட இடமில்லை. பிணத்தின் மேலேயே குப்புறப் படுத்துச் சேற்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். படகு அந்த வாய்க்காலை இரண்டு தரம் சுற்றியது. ஒரு வேட்டுத் தீர்த்தார்கள், கொக்குகள் எழும்பின. அந்த ஒரு மணித்தியாலமும் அவருடைய கன்னம் மச்சானின் மார்பில் ஒட்டிக் கிடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முந்தி தான் குத்திய மார்பு.

குழியில் தாட்டு மூடிவிட்டு, அக்காவிடம் சொல்லத்தான் போனார். அவளுடைய வீட்டு வளவுக்குள் நான்கு துவக்குக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் இலட்சுமியின் கொண்டையைப் பிடித்து முகத்தைக் கிணற்றுக்கட்டில் இடித்துக்கொண்டிருந்தான். “எங்கடி ஒளிச்சு வெச்சிருக்காய் புருசன?” என்று கேட்டான். கொன்றவர்கள் ஒரு கூட்டம், தேடி வந்தவர்கள் இன்னொரு கூட்டம் என்று அழகரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து வயது நிலோஜன் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மூத்திரம் போய் நின்றான். இன்னொருவன் துவக்குப் பிடியால் அழகரத்தினத்தின் வாயில் குத்தினான்.

“வாவியில பொணம் கிணம் ஏதும் ஒதுங்கினதா?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’ பதினெட்டு வருடம் நின்றது.

முதலில் பயத்தால் சொல்லவில்லை. சண்டை முடிந்த பிறகு, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் சொல்லவில்லை. இலட்சுமி புருசனின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகாத அலுவலகமில்லை, குந்தாத போராட்டப் பந்தலில்லை. பொட்டையும் தாலியையும் கழற்றவில்லை. அழகரத்தினம் கலியாணம் கட்டாமல் அக்காவின் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, பிடித்த மீனையெல்லாம் அந்த வீட்டுக்கே கொட்டினார். நிலோஜன் படித்தான், வளர்ந்தான், களுவாஞ்சிகுடியில் ஃபோன் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

சத்தியரூபனை வீட்டுக்குள் கொண்டு வந்தது அந்த நிலோஜன்தான்.

சத்தியரூபன் லண்டனில் இருக்கிற பிரபலம். யூடியூபில் செத்தவர்களோடு பேசுகிறவர். வெள்ளைக் குர்தா, தாழ்ந்த குரல், கண்ணை மூடினால் ஆவி வந்துவிடும். இலட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். அவர் மட்டக்களப்பு நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் நிகழ்ச்சி வைக்கப் போகிறார் என்றதும் நிலோஜன் தாய்க்கும் தனக்கும் மாமாவுக்கும் பதிவு செய்தான். பதிவுப் படிவத்தை ஃபோனில் வாசித்துக் காட்டினான். இறந்தவர் அல்லது காணாமற்போனவரின் பெயர், தேதி, நட்சத்திரம், மறக்க முடியாத சம்பவம்.

“செத்தவன் வந்து பேசுவான் எண்டால், அவன்ட பேரையும் தேதியையும் நாம என்னத்துக்குச் செல்லிக் குடுக்க?” என்று கேட்டார் அழகரத்தினம்.

“மாமா, நீங்க ஒண்டையும் நம்பமாட்டீங்க. அம்மாட முகத்த ஒருக்காப் பாருங்க.”

பார்த்தார். இலட்சுமி பெட்டியைத் திறந்து கலியாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏறாவூர் மீன் வியாபாரி முத்தலிப்பின் வான் வண்டியில் போனார்கள். முத்தலிப் இருபது வருடமாக அழகரத்தினத்தின் மீனை எடுக்கிறவர். மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, “நம்மட மார்க்கத்தில இதெல்லாம் ஆகாது மச்சான். நான் முன்னால தேத்தண்ணிக் கடையில இருக்கன். முடிஞ்சா ஃபோன் அடி” என்றார்.

மண்டபத்து முன்கூடத்தில் கறுப்பு டீசேர்ட் போட்ட பொடியன்களும் பெட்டைகளும் நின்றார்கள். ஒரு பெட்டை இலட்சுமியின் பக்கத்தில் வந்து அமர்ந்து, கையில் நெஸ்கஃபே கொடுத்து, அவளுடைய கையைத் தடவியபடி, “அம்மா, நீங்க யாருக்காக வந்திருக்கிறீங்கள்?” என்று கேட்டாள். பதினெட்டு வருடமாக எந்த அலுவலகத்திலும் இலட்சுமியிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பல் போன கதையைத் தவிர அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெசின் நின்ற இடம், கைத் தழும்பு, கடைத்தெருச் சண்டை, தம்பி அன்றைக்குக் கத்திய வார்த்தை, எல்லாவற்றையும். சொல்லி முடிந்ததும் அந்தப் பெட்டை எழும்பி, மலசலகூடப் பக்கமாகப் போய், ஃபோனில் யாருக்கோ மெதுவாகப் பேசினாள். அழகரத்தினம் தூணோரம் நின்று அதைப் பார்த்தார். தூண்டிலில் இரை குத்துகிற வேலை அவருக்குத் தெரியாததல்ல.

“அக்கா, வீட்ட போவம்” என்றார்.

“நீ வேணுமெண்டால் போ.”

பத்து மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். சத்தியரூபன் மேடையில் தோன்றினார். ஐந்நூறு பேர் எழுந்து கும்பிட்டார்கள்.

“தண்ணி தெரியுது,” என்றார் கண்ணை மூடி. “ஒரு இளம் ஆண். தண்ணிக்குள்ள போனவர். ‘அம்மா’ எண்டு கூப்பிடுறார்.”

சுனாமியும் சண்டையும் வந்து போன கரையில் இப்படி ஒரு தூண்டிலைப் போட்டால் யாருக்குத்தான் கொளுவாது? ஒரே நேரத்தில் இரண்டு தாய்மார் எழும்பினார்கள். “என்ட மகன்!” “இல்ல, அது என்ட புள்ள!” ஒலிவாங்கியைக் கொண்டு போன பொடியன் நடுவில் நின்று விழித்தான். ஒருத்தி மற்றவளின் சேலையைப் பிடித்து இழுத்தாள், மற்றவள் அவளுடைய முகத்தில் அறைந்தாள். இருவரின் உறவுக்காரர்களும் எழும்பித் தள்ளுமுள்ளுப்பட்டார்கள். ஒரு கிழவர் நாற்காலிகளுக்கிடையே விழுந்து முழங்கை உடைந்து அலறினார். சத்தியரூபன் கண்ணைத் திறக்காமலே, “இரண்டு ஆன்மாக்களும் வந்திருக்கினம்” என்றார். சனம் கைதட்டியது. அலறிய கிழவரைக் கறுப்புச் சட்டைக்காரர்கள் பின்கதவால் தூக்கிப் போனார்கள்.

அழகரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். விழுந்த கிழவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு, “இராசதுரை” என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் விழுந்தது. இலட்சுமி எழும்பவில்லை. நிலோஜன்தான் கையைப் பிடித்துத் தூக்கினான். மேடைக்கு ஏற்றினார்கள்.

“அம்மா, அவர் உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறார். கையில ஒரு தழும்பைக் காட்டுறார். சரியா?”

“ஐயோ, ஓம்!”

“தூரத்தில ஒரு முகாமில காய்ச்சலிலதான் போனவராம். நோ ஒண்டும் இல்லையாம். ஒரு தாதி கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவவாம். உங்களில ஒரு நாளும் கை வைக்காத மனுசன். கடைசியாவும் உங்கட பேரைத்தான் சொன்னவராம்.”

இலட்சுமி முன்பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினெட்டு வருடத்தில் அவள் அப்படி அழுது அழகரத்தினம் கண்டதில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ கழன்று விழுவதைப் போன்ற அழுகை. அவருக்கு ஆத்திரமும் வந்தது, ஒரு ஆறுதலும் வந்தது. தன்னால் முடியாததை ஊர் பேர் தெரியாத ஒருவன் பத்து நிமிடத்தில் செய்துவிட்டான். பொய்தான். இருந்துவிட்டுப் போகட்டும், இதோடு அவள் பொட்டைக் கழற்றிவிட்டு நித்திரை கொள்ளட்டும் என்று அவர் நினைத்தார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

இலட்சுமி கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப ஆரு அவரப் புடிச்சுக் குடுத்த? அதக் கேட்டுச் செல்லுங்க.”

சத்தியரூபன் காதுப் பக்கம் கையைக் கொண்டு போனார். தலையைச் சற்றுச் சாய்த்தார்.

“வெளியாள் இல்லை அம்மா. உங்கட இரத்த உறவு. தண்ணியில தொழில் செய்யிற ஆள். அவரோட கோவமா இருந்த ஆள். அழ... அழகு எண்டு ஒரு சொல் வருது. அவர்... அவர் இண்டைக்கு இஞ்ச இருக்கிறார்.”

நிலோஜன் திரும்பினான். தகப்பன் போன நாளிலிருந்து தன் கையால் சோறு தின்ற அந்த முகத்தை அழகரத்தினம் அந்த நேரத்தில் அடையாளம் காணவில்லை.

“மனே, அவன் பொய்...” என்று வாயெடுத்தார். இரும்பு நாற்காலி அதற்குள் அவருடைய தலையில் இறங்கியது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதில் காது கிழிந்தது. “எங்கட அப்பாவ வித்துப்போட்டா எனக்குச் சோறு தந்த நீ!” என்று நிலோஜன் கத்திக் கத்தி அடித்தான். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் காணாமற்போன ஒருவர் இருந்தார், அடிக்க இதுவரை ஒரு ஆள் அகப்பட்டதில்லை. செருப்பு, குடைக்கம்பு, தண்ணீர்ப் போத்தல். ஒரு பெண் அவருடைய கையைக் கடித்தாள்.

முதலையின் வாயிலிருந்து வந்த மனுசன். எப்படியோ புரண்டு, கால்களுக்கிடையால் ஊர்ந்து, மேடைப் படியைப் பிடித்து ஏறினார். சத்தியரூபன் பின்வாங்கினார். அழகரத்தினம் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுவரோடு அடித்தார். காதுக்குள்ளிருந்து கடலையளவு கறுப்பு ஒலிக்குமிழ் ஒன்று தெறித்து விழுந்தது. அதைப் பொறுக்கி உயர்த்திக் காட்டினார். சனம் இரைந்துகொண்டிருந்தது, பார்த்தவர் எவருமில்லை. பிறகு ஒலிவாங்கியாலேயே அந்த மனுசனின் வாயில் குத்தினார். குத்து ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் இடி மாதிரி விழுந்தது. பல் உடைகிற சத்தம்கூட மண்டபத்துக் கடைசி வரிசைக்குக் கேட்டது. கறுப்புச் சட்டைக்காரர்கள் நான்கு பேர் அவரைக் கீழே போட்டு விலாவில் உதைத்தார்கள். அப்போதும் ஒலிவாங்கி அவருடைய கையில்தான் இருந்தது.

“காய்ச்சலில சாகல்ல!” என்றார். “கைய வயரால கட்டிப் பின்மண்டையில சுட்டிருந்தாங்கள். என்ட வலையிலதான் வந்தவன். நான்தான் தாட்டன். தில்லை மரத்தடியில நான்தான் தாட்டன், அக்கா!”

உதைத்த கால்கள் நின்றன. ஐந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் சத்தியரூபனின் முனகல் மட்டும் கேட்டது. இலட்சுமி மேடையில் ஒரு முழத் தூரத்தில் நின்றாள். குனிந்து தம்பியைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சரிந்து விழுந்தாள்.

முத்தலிப் சத்தம் கேட்டு ஓடி வந்து, இருவரையும் வானில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார். அழகரத்தினத்துக்கு விலா மூன்று முறிவு, தலையில் பதினேழு தையல். கட்டிலோடு பொலிஸ் காவல் போட்டார்கள். மண்டபத்து வீடியோ அன்று மாலைக்குள் ஊரெல்லாம் போயிற்று. புதைத்தவனுக்குத்தானே இடம் தெரியும், அப்படியென்றால் கொன்றவனும் அவன்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பொலிஸ் பெரியவரும் அப்படித்தான் கேட்டார்.

“வாவிக்குள்ள தாப்பன் எண்டு நீ கத்தினதாமே?”

“ஓம் ஐயா, கத்தினன். தாட்டதும் நான்தான். சுட்டது நானில்ல.”

நீதவான் முன்னிலையில் தோண்டினார்கள். அழகரத்தினம் கைவிலங்கோடு படகிலிருந்து இடத்தைக் காட்டினார். பழைய மரம் பட்டுப்போய் அடிக்கட்டை மட்டும் நின்றது. இரண்டாம் நாள் நண்பகலில் எலும்பு தென்பட்டது. மணிக்கட்டு எலும்புகளைச் சுற்றி வயர் அப்படியே இருந்தது. முழங்கை எலும்பில் தகடும் ஆணியும். மண்டையோட்டைத் தூக்கியபோது வைத்திய அதிகாரி பின்னாலிருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். நிலோஜன் முழங்காலளவு சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கண்டல் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். வாந்தியெடுத்து முடிந்ததும் அந்த மரத்தையே கைமுட்டி தோல் உரியும் வரைக்கும் குத்தினான். அவனை ஒருவரும் தடுக்கவில்லை.

பதினொரு கிழமை அழகரத்தினம் விளக்கமறியல் சிறையில் இருந்தார். மூன்றாம் கிழமை இலட்சுமி பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நெற்றி வெறுமையாக இருந்தது.

“கைவைக்காத மனுசன் எண்டு அவன் செல்லக்குள்ளயே எனக்குத் தெரியும்டா அது பொய்யெண்டு,” என்றாள். “என்ட பல் போன இடத்த நாக்கால தடவிக்கொண்டுதான் கேட்டுக்கிட்டு நிண்டன். ஆனாக் கேக்க நல்லா இருந்திச்சு. அதான் பேசாம இருந்தன்.”

அழகரத்தினம் தலையைக் குனிந்திருந்தார்.

“நீ ஏன்டா செல்லல்ல?”

“சென்னால் உன்னையும் சுட்டிருப்பாங்கள், அக்கா.”

“முதல் வருசம் சரி. மத்தப் பதினேழு?”

அவள் நேரம் முடியும் வரைக்கும் இருந்தாள், முடிந்ததும் எழும்பிப் போனாள்.

மண்டையோட்டின் ஓட்டை எந்தத் துவக்கு போட்டதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொலைக்கு அவர் மேல் ஆதாரம் இல்லையென்று விட்டார்கள். சத்தியரூபனின் வாயை உடைத்ததற்கு மட்டும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. சத்தியரூபன் ஏற்கெனவே லண்டன் போயிருந்தார். புதுப் பல் வைத்து, துர்ச்சக்தி ஒன்று மனித உருவில் வந்து தன்னைத் தாக்கியது என்று ஒரு காணொளி போட்டார். முந்தியதையெல்லாம் விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

வீடு திரும்பிய அன்று இலட்சுமி வாசற் படலையில் நின்றாள். அழகரத்தினம் கிட்டப் போனதும் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று. தையல் தழும்போடு இருந்த காது சிவந்தது. அவர் அசையாமல் நின்றார். கை ஓய்ந்ததும், “உள்ளுக்கு வா, சோறு இருக்கு” என்றாள். நிலோஜன் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. எலும்பு கையில் கிடைத்துக் கருமம் செய்த நாளில்தான், சாம்பல் முட்டியோடு வாவிக்கரையில் நின்றவன், “மாமா, எவ்வளவு தூரம் இறங்கிற?” என்று கேட்டான். “இடுப்பளவு காணும்” என்றார் அவர். இருவரும் இறங்கினார்கள்.

அழகரத்தினம் மறுபடியும் வலை போடத் தொடங்கினார். ஆனால் வளவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏறாவூரிலிருந்தும் வந்தார்கள், வாகரையிலிருந்தும் வந்தார்கள். கையில் ஒரு படம். “அண்ணே, உங்கட வலையில இவரும் வந்தவரா?” பெரும்பாலும், “இல்ல, நான் காணல்ல” என்றே சொன்னார். அது உண்மை. சிலர் காலில் விழுந்து, கண்டேன் என்று ஒரு சொல் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். ஒருவன் அதற்காகவே அவருடைய தோணியின் அடியில் கோடாலியால் கொத்திவிட்டுப் போனான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை பழுகாமத்திலிருந்து சின்னத்தங்கம் என்ற பெண் வந்தாள். எழுபது வயதிருக்கும். மகன் சதீசன், இராசதுரை போன அதே மாசி மாதம் போனவன், பத்தொன்பது வயது. படத்தை நீட்டினாள். அழகரத்தினம் குனிந்து படத்தைப் பார்த்தார். அந்த மாசியில் வலையில் வந்தது இராசதுரை மட்டுமல்ல. இதை அவர் நீதவானிடமும் சொல்லவில்லை.

“ஒரு பொடியன் வந்தவன், அம்மா,” என்றார். “மச்சான் வந்து நாலு நாளைக்குப் பிறகு. நெஞ்சில வெட்டு. முகத்த நான் பாக்கல்ல. எனக்குப் பயம். துடுப்பால தள்ளி விட்டன்.”

சின்னத்தங்கத்தின் கை படத்தை இறுக்கியது. “என்ன உடுத்திருந்த?”

நீலம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவள் மிச்சத்தைத் தானே பொருத்திக்கொண்டு போயிருப்பாள்.

“நீலச் சாரம். வெள்ளைக் கரை போட்டது.”

அவள் தலையை ஆட்டினாள். “என்ட மகன் கால்சட்டையோட போனவன்.”

“அப்ப அது வேற ஆள், அம்மா.”

சின்னத்தங்கம் வளவு மண்ணில் குந்திவிட்டாள். அழவில்லை. இலட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, வாவிப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்:

“எந்தப் பக்கமாத் தள்ளி விட்டாய்?”

“தெற்கால. நீரோட்டம் அண்டைக்கு அங்காலதான் இழுத்த.”

“வெள்ளைக் கரை போட்ட நீலச் சாரம்,” என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். “அவன்ட தாயும் எங்கயோ கிடந்து தேடுவாள்தானே. எங்கட பக்கம் அந்த மாசியில போனதுகள் பதினாலு பேர். ஒவ்வொரு வீடாப் போய்க் கேக்கன்.”

எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மகனின் படத்தைப் பையில் வைத்தாள். அழகரத்தினம் கொட்டிலுக்குள் போய்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“நானும் வாறன், அம்மா. கண்டது நான்தானே. நானே செல்லுறன்.”

இருவரும் தோணித் துறையடிப் பக்கம் நடந்தார்கள்.